வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும் பூனை

மாலையில் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றியதும் எங்கள் பூனை மீனா முதலில் அதைத்தான் சோதிக்கும். வாரில் மூக்கை ஒட்டி நெடுநேரம் முகர்ந்துவிட்டு, தலையை மெல்ல நிமிர்த்தி, மேலுதட்டைச் சற்றே தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி, பார்வை எங்கோ நிலைகுத்தச் சில நொடிகள் அசையாமல் நிற்கும். நாற்றம் பொறுக்காமல் முகம் சுளிக்கிறது என்றுதான் பார்ப்பவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நொடியில் மீனா அதே மணத்தை இன்னும் ஆழமாக, வேறொரு வழியில் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வழி எங்கே இருக்கிறது என்பதைப் பூனை கொட்டாவி விடும்போது பார்க்கலாம். மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் நடுவில், கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மேடு தெரியும். முதன்முதலில் அதைக் கண்டபோது புண்ணோ கட்டியோ என்று நான் அஞ்சினேன். பூனை வளர்ப்பவர்கள் பலருக்கும் அந்த அச்சம் வந்திருக்கும். அது எல்லாப் பூனைகளுக்கும் பிறவியிலேயே உள்ள அமைப்பு. அந்த மேட்டின் இரு பக்கங்களிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இரண்டு துளைகள் உள்ளன. அவற்றிலிருந்து மேலே செல்லும் நுண்ணிய குழாய்கள், மூக்கின் நடுச்சுவருக்கு அடியில் இருபுறமும் படுத்திருக்கும் ஓர் இணை உறுப்போடு சேர்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை விரிவாக விவரித்த டென்மார்க் அறுவை மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சனின் பெயரால் அது ஜேக்கப்சன் உறுப்பு எனப்படுகிறது.

காற்றில் எளிதில் பறக்கும் மணங்களைப் பிடிக்க மூக்கே போதும். ஆனால் சிறுநீரிலும் தோல் சுரப்புகளிலும் உள்ள சில மூலக்கூறுகள் கனமானவை. அவை ஈரத்தில் கரைந்தால்தான் இடம்பெயரும். பூனை வாயைத் திறந்து உதட்டைத் தூக்கும்போது இந்தக் கரைசல் அண்ணத்துத் துளைகளை அடைகிறது. உறுப்பைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கி, ஒரு சிறு பம்பு போல அதை உள்ளே உறிஞ்சுகின்றன. அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி மூளையில் அச்சம், இனச்சேர்க்கை, தாய்மை ஆகியவற்றை ஆளும் பகுதிகளுக்குச் செல்கிறது. ஆகவே இதை மணம் பிடித்தல் என்பதைவிட, விட்டுச்சென்றவர் யார், ஆணா பெண்ணா, எந்த நிலையில் இருக்கிறார் என்று படித்தறிதல் என்பதே பொருத்தமாக இருக்கும்.

கிராமத்தில் ஆடுமாடுகளோடு வளர்ந்தவர்களுக்கு இந்த முகபாவம் புதிதன்று. பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்த கிடா, தலையை வானத்தை நோக்கித் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பார்கள். காளையும் குதிரையும் அதையே செய்கின்றன. மனிதரிடம் இந்த உறுப்பு வேலை செய்யாத எச்சமாகிவிட்டது. பூனையின் முகத்தை நாம் தவறாகப் புரிந்துகொள்வதற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

என் செருப்பில் அப்படி என்னதான் இருந்தது? தெருமுனையில் ஏதோ ஒரு கடுவன் பூனை அடித்துவிட்டுப் போன சிறுநீராக இருக்கலாம். பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற ஓர் அபூர்வமான அமினோ அமிலம் உண்டு. காயடிக்கப்படாத கடுவனிடம் இது மிக அதிகம். வெளியே வந்தபின் இது சிதைந்து, கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுகிறது. எத்தனை முறை கழுவினாலும் மூலையில் தங்கும் அந்தக் கடுநெடி அவற்றிலிருந்து வருவதுதான். நமக்கு அது நாற்றம், மீனாவுக்கோ அண்டைவீட்டாரின் கடிதம்.

மீனாவும் பதில் எழுதுகிறது. காலில் கன்னத்தை உரசுவதை நாம் கொஞ்சல் என்கிறோம். அது பிழையில்லை, ஆனால் கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகள் அந்த உரசலில் நம்மீது அடையாளம் பூசுகின்றன. நாற்காலிக் கால், கதவு விளிம்பு, அலமாரி மூலை என்று தினமும் ஒரே இடங்களில் உரசி, ‘இது பழகிய இடம்’ என்ற குறிப்பைப் பூனை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. பாதங்களிலும் சுரப்பிகள் உண்டு என்பதால், சோபாவைப் பிறாண்டும்போது கீறலோடு மணமும் பதிகிறது. துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய வீட்டில் பூனை பதற்றமாக அலைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நாம் சுத்தம் செய்ததாக எண்ணுகிறோம். அதன் குறிப்புகள் அனைத்தும் அழிந்திருக்கின்றன.

இனி, நம் மண்ணிலேயே காணக்கூடிய ஒரு விந்தை. மழை முடிந்த ஒரு நாள் கொல்லையில் களை பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தேன். எங்கள் இன்னொரு பூனை கருப்பன் நேரே வந்து, குவியலிலிருந்து ஒரே ஒரு செடியின் வேரை மட்டும் தேடி எடுத்து, அதில் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக அதன்மேல் புரண்டது. பத்து நிமிடம் கழித்து எழுந்து, மண்ணை உதறிவிட்டு, அந்த வேரை ஏறெடுத்தும் பாராமல் போய்விட்டது. அந்தச் செடி குப்பைமேனி. சித்த மருத்துவத்தில் அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. பெயரிட்டவர்கள் இந்தக் காட்சியை எத்தனை கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கிறிஸ்துமஸ் தீவின் பூனைகளை ஈர்க்கும் இதே செடியின் வேரைப் பகுத்து, அதில் இரிடாய்டு வகைச் சேர்மங்கள் இரண்டைக் கண்டறிந்தனர். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைகளுக்காக உலர்த்தி விற்கப்படும் கேட்னிப் இலையில் உள்ள நெபெடலாக்டோனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் வியப்பு என்னவென்றால், இந்த மயக்கம் ஜேக்கப்சன் உறுப்பின் வழியே வருவதில்லை; சாதாரண மூக்கின் வழியே வருகிறது என்பதை 1985இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். ஏன் மயங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாவோ மியாசாகி குழுவினர் 2021இல் அழகான ஒரு விடை தந்தனர். பூனைகளை இதேபோல் மயக்கும் மடாடாபி என்ற கொடியின் இலையில் உள்ள, அதே குடும்பத்தைச் சேர்ந்த நெபெடலாக்டோல் பூனையின் இரத்தத்தில் எண்டார்ஃபினை உயர்த்துகிறது. அதாவது, மூளை தன் சொந்த இன்ப வேதிப்பொருளைத் தானே சுரக்கிறது. அந்தச் சேர்மம் பூசப்பட்ட பூனைகளின் மீது கொசுக்கள் குறைவாகவே அமர்ந்தன. புரளுவதில் இன்பம் கண்ட பூனை, தன்னையறியாமல் உடம்பெங்கும் கொசுவிரட்டி பூசிக்கொள்கிறது. எல்லாப் பூனைகளும் இப்படி மயங்குவதில்லை. குட்டிகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதேயில்லை. கேட்னிப்பைப் பொறுத்தவரை மூன்றில் இரண்டு பூனைகள் மயங்கும் என்பது பொதுவான கணக்கு. குப்பைமேனி வேரில் புரள விடலாம். ஆனால் அதில் அகாலிபின் என்ற நச்சுச் சேர்மமும் இருப்பதால், செடியைத் தின்ன விடக் கூடாது.

மூக்கு இப்படி முதன்மையாக இருப்பதால், சளி பிடித்து மூக்கடைத்த பூனை தட்டைச் சீண்டாமல் உட்கார்ந்துவிடுகிறது. நாவின் சுவை அதற்குத் துணை நிற்பதில்லை. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதிக்கான மரபணு பூனையினத்தில் சிதைந்துபோயிருப்பதை 2005இல் சுவையையும் மணத்தையும் ஆராயும் அமெரிக்காவின் மோனெல் மைய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மீனை லேசாகச் சூடாக்கி வைத்தால் மணம் எழும்பி மீண்டும் உண்ணத் தொடங்கும். அப்போதும் உண்ணாமல் இரண்டு மூன்று நாள் கிடந்தால், குறிப்பாகப் பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்தக் கட்டம் வரை காத்திருக்கக் கூடாது.

வாய் திறந்திருப்பதிலும் வேறுபாடு அறிய வேண்டும். எதையோ முகர்ந்தபின் சில நொடிகள் திறந்து மூடினால் அது நான் மேலே சொன்ன வாசிப்பு. எதையும் முகராமல், நாக்கு வெளியே தெரிய, விலா ஏறி இறங்க மூச்சு வாங்கினால், அது இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறாகவோ வெப்பத் தாக்கமாகவோ இருக்கக்கூடும். நாய் இளைப்பதைப் போல எண்ணி இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு கருப்பனுக்குப் பல்லில் சிகிச்சை முடித்து மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான்கு ஆண்டுகள் ஒரே பாயில் சுருண்டு படுத்த மீனா, கூடையைத் திறந்ததும் முதுகுமயிர் சிலிர்க்க, காதுகளை ஒடுக்கிச் சீறியது. கருப்பனின் உருவம் அதேதான், குரலும் அதேதான். ஆனால் அதன் மயிரில் கிருமிநாசினியும் அறியாத நாய்களும் மணந்தன. வீட்டின் மணம் போயிருந்தது. இரண்டையும் தனித்தனி அறையில் வைத்து, ஒரே துண்டால் முதலில் மீனாவின் கன்னத்தையும் பின்பு கருப்பனின் முதுகையும் நாளுக்கு நான்கைந்து முறை துடைத்துவந்தோம். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது மீனா மெல்ல வந்து, கருப்பனின் கழுத்தடியில் மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தது. வாயைப் பாதி திறந்து சில நொடிகள் நின்றது. பிறகு அதன் காதை நக்கத் தொடங்கியது.