ரெண்டு உழவு மழை என்றால் எத்தனை லிட்டர்?

மழை பெய்த மறுநாள் காலையில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் கணக்கே தனி. "நேத்து உங்க காட்டுல எப்படிங்க?" என்றால் (காடு என்பது இங்கே மானாவாரி நிலம்), "ஒரு ரெண்டு உழவு மழை இருக்குமுங்க" என்று பதில் வரும். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அது. அதே மழையைச் செய்தியில் 4 செ.மீ. என்பார்கள். இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். செ.மீ. கணக்கு வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்கிறது. உழவுக் கணக்கு மண்ணுக்குள் போனதைச் சொல்கிறது. நடுவில் மிஞ்சுவதுதான் பள்ளத்தில், அதாவது ஓடையில், ஓடிவந்து வீட்டுக்குள் நுழைகிறது. கோவை, திருப்பூர் பக்கம் வடிகாலும் சிறு பாலமும் வடிவமைத்துக் கொடுத்துப் பிழைக்கும் எனக்குச் சோறு போடுவதும் அந்த மிச்சம்தான்.

விழுந்ததை அளப்பது சுலபம். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கு மேல். மழைமானியில் காலை 8.30 மணிக்கு எடுத்த அளவு, முந்தைய நாள் 8.30 முதல் பெய்ததன் மொத்தம். சிக்கல் இங்கேதான். ராத்திரி முழுக்கத் தூறிய 5 செ.மீ.யும், சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காற்றோடு கொட்டிய 5 செ.மீ.யும் பதிவேட்டில் ஒரே எண்தான். முதலாவதைக் காடு குடித்துவிடும். இரண்டாவது தரைப்பாலத்தை மூழ்கடிக்கும்.

இடத்துக்கு இடமும் மாறும். அவிநாசியில் கொட்டும்போது சேவூரில் தூசிகூட அடங்கியிருக்காது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோவை நகரத்தின் ஒரு வருஷ சராசரியே அதைவிடக் குறைவு! அந்தத் தண்ணீர் குந்தா ஆறு வழியாகப் பவானி ஆற்றுக்கு வருவது. மலையில் ஒன்று, சமவெளியில் ஒன்று என்று இரண்டு மழைமானியை வைத்துக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் எந்த ஊருக்கும் பொருந்தாது. ஒவ்வொரு மானிக்கும் அது ஆளும் பரப்பைப் பிரித்துக் கொடுத்து, அந்தப் பரப்புக்கேற்பச் சராசரி எடுக்க வேண்டும். தீசன் என்பவர் 1911-இல் சொன்ன முறை, இன்றைக்கும் கைகொடுக்கிறது.

சரி, மண்ணுக்குள் போவதை எப்படி அளப்பது? இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பல்லடம் பக்கம் ஒரு மில்லில், கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கக் குழி வடிவமைக்கச் சொன்னார்கள். கரிசல் பூமி. சித்திரை வெயிலில் இரட்டை வளையத்தை எடுத்துக்கொண்டு போனேன். 30 செ.மீ. வளையம் உள்ளே, 60 செ.மீ. வளையம் வெளியே, இரண்டையும் மண்ணில் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து போகும், உள் வளையத்துத் தண்ணீர் நேராக இறங்கும். உள்ளே மட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் அளவு. அன்றைக்கு ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்தது. குடம் குடமாகக் கொண்டுவந்த ஆள் களைத்துப்போனார். எனக்கோ ஒரே சந்தோஷம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங் தம்பி, வெடிச்சுக் கெடக்கற மண்ணுல ஊத்துனா பாதாளத்துக்கே போகுமுங்க. ஐப்பசில வந்து ஊத்திப் பாருங்க." நான் சிரித்துக்கொண்டே எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஐப்பசியில் இரண்டாவது மழைக்கே குழி நிறைந்தது. வாரம் கடந்தும் தண்ணீர் வற்றவில்லை. கொசுக்கடி தாங்காமல் வாட்ச்மேன்தான் முதலில் போன் செய்தார். காய்ந்த கரிசலில் தண்ணீர் போனது வெடிப்புக்குள். ஈரம் பட்டதும் மண் உப்பி அந்த வெடிப்பு மூடிக்கொள்கிறது. அதன்பிறகு களிமண் குடிப்பது மணிக்கு 1 முதல் 5 மி.மீ.தான். முதல் அரைமணி வேகத்தை நம்பக் கூடாது, வேகம் குறைந்து ஒரு நிலைக்கு வந்தபின் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்று படித்தவன்தான் நான். வெயில் படிப்பை மறக்கடித்துவிட்டது. அப்புறம் வளாகத்தின் மேட்டுப்பக்கம் இருந்த செம்மண் சரளையில், நனைத்து நனைத்துச் சோதித்து, வேறு குழி போட்டோம். முதல் குழிக்கான செலவில் பாதி என் கையிலிருந்து போனது.

செம்மண்ணும் எப்போதும் நல்ல பிள்ளை இல்லை. உழுது வெறுமையாகக் கிடந்தால் மழைத்துளி அடித்து மேலே ஓடு கட்டிவிடும். கொழுக்கட்டைப் புல் மூடிய கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், அப்படி ஆவதில்லை. புல் அடியைத் தாங்கிக்கொள்ளும், வேர் வழி விடும். அந்தக் கொறங்காட்டைச் சைட் போடுவதற்காகப் பொக்லைன் விட்டு நிரவி, ரோலர் ஓட்டிவிட்டு, "மண் அதேதானுங்களே, தண்ணி ஏன் நிக்குது?" என்று கேட்பார்கள்.

மழையிலிருந்து ஓடும் நீரைக் கணிக்க நாங்கள் அதிகம் பயன்படுத்துவது வளைவு எண் முறை. மண், பயிர், மழைக்கு முன்பே மண்ணில் இருக்கும் ஈரம் மூன்றையும் சேர்த்து 100-க்குள் ஓர் எண் கொடுப்பார்கள். எண் கூடக் கூட ஓடும் நீரும் கூடும். எண் 75 உள்ள ஒரு காட்டில் 50 மி.மீ. பெய்தால் ஓடுவது சுமார் 9 மி.மீ.தான். 100 மி.மீ. பெய்தால் 18 என்று நினைப்பீர்கள், 41 வரும். அதே காடு, அதே 50 மி.மீ., ஆனால் முந்தைய ஐந்து நாளும் நல்ல மழை என்றால் 9-க்குப் பதில் 23. "போன வாரமும் இதே மழைதானுங்க, அன்னைக்கு ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு இதைத்தான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

சென்ற வருஷம் ஒரு லேஅவுட். நடுவே ஒரு பள்ளம் போகிறது. வருஷத்தில் பத்து நாள்கூடத் தண்ணீர் பார்க்காத பள்ளம், ஆடு மேயும் இடம். 900 மி.மீ. குழாய் இரண்டைப் பதித்து மேலே மண் மூடிவிடலாம் என்றார் உரிமையாளர். மேட்டுப்பக்கம் 100 ஹெக்டேர் வடிபரப்பு, அதாவது அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலம். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் கொட்டி, அதில் கால்பங்கு ஓடினாலே விநாடிக்கு 4 கன மீட்டருக்குச் சற்று மேல். மூன்று விநாடிக்கு ஒரு லாரித் தண்ணீர். மேலேயும் சைட்டுகள் வந்து பாதிப்பங்கு ஓட ஆரம்பித்தால் 8-ஐத் தாண்டும். அந்த இரண்டு குழாயும் சேர்ந்து இரண்டரை கன மீட்டர் கடத்தினாலே பெரிது. சீமைக்கருவேலம் அடைத்த பள்ளத்தின் கொள்ளளவும் சுத்தமான பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும்.

ஓடும்போது அளந்தால் சந்தேகமே இராது. நேரான 20 மீட்டர் தூரத்தில் தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு நேரம் பார்த்து, அந்த வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பால் பெருக்கினால் போதும். ஆனால் வெள்ளம் நமக்காகக் காத்திருக்காதே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். வேலமரத்தில் என் தோள் உயரத்துக்குச் சிக்கியிருந்த சேலைக் கிழிசலைக் காட்டி, "அது வரைக்கும் வருமுங் சாமி" என்றார். அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டால் 7 கன மீட்டருக்குப் பக்கத்தில் வந்தது.

குழாய் கைவிடப்பட்டு பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி வடிவச் சிறு பாலம், என்று முடிவானது. பள்ளத்தை ஒட்டிய 14, 15 சைட்டுகள் வரைபடத்திலிருந்து போயின. 16-ஐ மட்டும் விடமாட்டேன் என்கிறார் உரிமையாளர், அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம்.