லாபி சுவரில் மாட்டும் முன்

கோவையில் இன்டீரியர் வேலை பார்ப்பவர்களுக்கு ‘பழைய லுக்’ ஆர்டர் அடிக்கடி வருகிறது. ஆனைகட்டி, வால்பாறைப் பக்கம் ரிசார்ட் கட்டுபவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “பிரிட்டிஷ் காலத்து மலைவாசிங்க படம் நாலஞ்சு பெருசா பிரேம் போட்டு மாட்டிருங்க.” படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால், “யாரோ டிரைபல்ஸுங்க, சுவத்துக்கு நல்லா இருக்குமில்லீங்க?” என்பார்கள்.

அந்தப் படங்களில் பல, அழகுக்காக எடுத்தவை அல்ல. உடலை அளக்க எடுத்தவை. 1869-இல் லாம்ப்ரே என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு முறையே வகுத்தார்: மரச்சட்டத்தில் பட்டு நூலை 2 அங்குலக் கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டி, முன்னால் ஆளை நிற்க வைத்துப் படமெடுப்பது. பெயர் தேவையில்லை, இனம் தெரிந்தால் போதும். சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கு, மண்டை எல்லாம் அளந்துகொண்டு மலை மலையாகப் போனார். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து நிற்கவே மறுத்துவிட்டாராம். 1909-இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் தர்ஸ்டனே இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அளவெடுக்கும் வித்தையைப் போலீசாருக்கும் தர்ஸ்டன் கற்றுக்கொடுத்தார். சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்த இருளர் பயந்ததில் என்ன தப்பு?

இதே படங்களை இன்றைய கலைஞர்கள் வேறு விதமாகக் கையாள்கிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு 2000 முதல் 2004 வரை செய்த படவரிசையில், அந்தக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் தானே வேடமிட்டு நின்றார். பார்த்ததும் முதலில் சிரிப்பு வரும். அப்புறம், அளக்கிற இடத்தில் நாம்தான் நிற்கிறோம் என்பது உறைக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் இன்றைய கலைக் கண்காட்சியான கொச்சி பினாலே நடக்கும்போது ஒருமுறை போய் வாருங்கள். கோவையிலிருந்து ரயிலில் போனால் அரை நாள்கூட ஆகாது. அங்கே பல முறை முக்கியமான காட்சிக்கூடமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸே வெள்ளைக்காரக் கம்பெனியின் பழைய வளாகம்தான்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ‘கிராமத்து டீக்கடை’ தீம் கேட்பவர்களும் உண்டு: மரப் பெஞ்சு, பித்தளை பாய்லர், கண்ணாடி கிளாஸ். நம் கொங்கு ஊர்களில் எத்தனையோ டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் இருந்ததே, அந்த டம்ளர் மட்டும் எந்த தீமிலும் வருவதில்லை.

படம் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோத்தகிரிப் பக்கம் ஆலு குறும்பர் என்ற பழங்குடியினர் வேங்கை மரப் பிசினில் வரைகிறார்கள். நேரில் போய், பேரம் பேசாமல் வாங்குங்கள். வரைந்தவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு கீழே எழுதுங்கள். நெட்டில் இறக்கிய பிரிண்டைவிடச் செலவு கூடத்தான் ஆகும்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? யார் எடுத்தது, எந்த வருஷம், எதற்காக என்று பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். அதை எழுத வழியில்லாத படத்தைக் கழற்றிவிடலாம். ஆணி ஓட்டைக்குப் பட்டி பார்க்க பெயின்டருக்கு அரை மணி நேரம் போதும்.