சேம்பர் மியூசிக்: அறையிசையா, சிற்றியமா?

கிருஷ்ணகிரியில் வீடு கட்டுகிறவரிடம் ‘சேம்பர்’ என்று சொன்னால் செங்கல்தான் அவர் நினைவுக்கு வரும். “சேம்பர் செங்கல் ரெண்டு லோடு” என்பார். மனு கொடுக்கப் போகிறவருக்கு அது கலெக்டரின் அறை. சில வாரங்களுக்கு முன், வயலின் கற்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பெங்களூரில் இளையோருக்கு நடக்கும் இசைப் பயிற்சி ஒன்றின் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டினாள். “சார், சேம்பர் மியூசிக்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன? தமிழ்ல என்னன்னு சொல்றது?” முதல் கேள்விக்கு அன்றே பதில் சொன்னேன்: சிலர் மட்டும் கூடி, ஆளுக்கொரு வரியாக வாசிக்கும் மேற்கத்திய இசை. இரண்டாவது கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே ‘கமாரா’ என்றால் வளைந்த கூரை போட்ட இடம். லத்தீன் அதைக் ‘கமெரா’ என்று எடுத்துக்கொண்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் ‘சேம்பர்’ ஆனது. பொருள், அறை. இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை ஏராளம். படம் பிடிக்கும் கேமரா, ‘இருட்டறை’ என்ற லத்தீன் தொடரின் முன்பாதி. ‘காம்ரேட்’ ஸ்பானிய மொழியில் ஒரே அறையில் தங்கியவனைக் குறித்த சொல். நாம் தோழர் என்கிறோம். போர்த்துகீசியரிடமிருந்து வந்த ‘கமரா’ உருதுவில் வீட்டு அறைக்கான அன்றாடச் சொல். கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகளில் இன்றும் அதைக் கேட்கலாம். இலங்கை மலையகத் தோட்டங்களின் லயத்துக் காம்பராவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இசைக்கு இந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இசையை அது ஒலிக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள். தேவாலயத்துக்கு ஒரு வகை, நாடக அரங்குக்கு ஒரு வகை, பிரபுக்களின் மாளிகை அறைக்கு ஒரு வகை. மூன்றாவதற்கு ‘மூசிகா த கமெரா’ என்று பெயர். ஜெர்மானியர் அதைக் ‘காமர்மூசிக்’ என்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆஸ்திரியாவின் ஜோசப் ஹைடன், இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, உட்கார்ந்து வாசிக்கும் இன்னும் பெரிய செல்லோ ஒன்று என்ற நால்வர் அமைப்புக்கு நிலையான உருவம் கொடுத்தார். அவருக்குப் பின் மொஸார்ட், பீத்தோவன் என்று அந்த வழி நீண்டது.

ஆனால் இந்த இசை அறையை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் சீட்டு வாங்கிக் கேட்கும் அரங்குகளுக்குப் போய்விட்டது. 1901இல் திறந்த லண்டன் விக்மோர் ஹால் இந்த இசைக்கென்றே பேர்பெற்றது. அதில் சுமார் 550 இருக்கைகள். அதை யாரும் அறை என்று சொல்ல மாட்டார்கள். அறை போன பிறகும் பெயர் நிற்கிறது என்றால், அந்தப் பெயருக்குள் வேறு ஏதோ குடியேறியிருக்க வேண்டும்.

அது என்ன என்பதை அந்தப் பெண்ணுக்கு இப்படிச் சொன்னேன். பெரிய இசைக்குழுவில் இருபது பேர் ஒரே வரியை வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் மற்றவர்களின் ஒலி அதை மூடிவிடும். இங்கே ஒரு வரிக்கு ஒருவர்தான். அவர் கைவிட்டால் எடுத்துக்கொள்ள ஆளில்லை. கோல் பிடித்து நடத்துகிறவரும் கிடையாது. முதல் வயலின்காரர் வில்லைத் தூக்கும்போது மூச்சை உள்ளிழுப்பார். மற்ற மூவரும் அந்த மூச்சோடு சேர்ந்து தொடங்குவார்கள். வேகத்தைக் குறைப்பது, ஒலியைத் தாழ்த்துவது எல்லாம் கண்ணாலும் காதாலும் நடக்கும் பேச்சு. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ யாரு சார் மெயின்? யாரு பக்கவாத்தியம்?” என்றாள். சரியான இடத்தில் கை வைத்தாள். நம் கச்சேரியில் பாடுகிறவர் முன்னே செல்ல, வயலினும் மிருதங்கமும் உடன் வருகின்றன. சேம்பர் மியூசிக்கில் முதன்மை கைமாறிக்கொண்டே இருக்கும். இப்போது செல்லோ பாடுகிறது, மற்றவை தாங்குகின்றன. அடுத்த கணம் வயோலா. ஹைடன் இந்த வடிவத்தில் செய்த பெரிய வேலையே இதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘அறையிசை’. சிலர் அப்படியே எழுதுகிறார்கள். பிழை என்று சொல்ல மாட்டேன். எனினும் தமிழில் ‘அறை’ வெறும் வீட்டுப் பகுதி மட்டும் இல்லை. அறைதல் என்றால் அடித்து முழக்குதல், ஊரறியச் சொல்லுதல். முரசறைந்தார்கள், பறையறைந்தார்கள் என்கிறோம். கேட்ட இரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிபவரை வள்ளுவர் 1076ஆம் குறளில் ‘அறைபறை அன்னர்’ என்கிறார். ஆக, ‘அறையிசை’ என்று காதில் விழுந்தால் தமிழ்க்காது முழக்கத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கும். நாம் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிரான, அருகில் அமர்ந்து கேட்கும் இசை.

இந்த மண்ணின் பழைய இசையும் பெரும்பாலும் வெளியில் ஒலித்ததுதான். தருமபுரிதான் அன்றைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். புறநானூறு 89இல் ஔவையார் பாடும் தண்ணுமை என்னும் பறை, ஊர்ப் பொதுவிடத்தில் தொங்குகிறது. காற்று மோதி அது ஒலித்தாலே போர் வந்துவிட்டது என்று அதியமான் ஆர்வத்தோடு எழுந்துவிடுவானாம். இன்றும் எங்கள் பக்கம் பம்பை, உறுமி, தவில், கூத்து என்று எல்லாமே கோயில் திடலிலும் தெருவிலும்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் அவையும் சின்னக் கூட்டங்களே. “ஒரு செட்டு மேளம்” என்கிறோம். கூத்துக்காரர்கள் “ஜமா” என்கிறார்கள். ஆளுக்கொரு வேலை, ஒருவர் இல்லாவிட்டால் ஓட்டை தெரியும்.

கச்சேரி என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். உருதுவிலிருந்து வந்த அதற்கு முதற்பொருள் அலுவலகம், நீதிமன்றம். தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கன்னடப் பலகைகளில் ‘கச்சேரி’ இன்றும் அலுவலகம்தான். ஓர் இடத்தின் பெயர் இசைக்கு ஆனது ஐரோப்பாவில் மட்டுமல்ல, நம்மிடமும் நடந்திருக்கிறது. எனவே இடத்தை மொழிபெயர்ப்பதை விட, உள்ளே நடப்பதற்குப் பெயர் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

பழந்தமிழில் இசைக்கருவிக்கு ‘இயம்’ என்று பெயர். வாசிப்பவர் இயவர். பல கருவிகள் சேர்ந்தால் பல்லியம். ஆர்கெஸ்ட்ராவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. பல்லியத்துக்குப் பக்கத்தில் வைக்க நான் பரிந்துரைப்பது ‘சிற்றியம்’. சிறு ஊர் சிற்றூர் ஆவதுபோல, சிறு இல் சிற்றில் ஆவதுபோல, சிறு இயம் சிற்றியம். ‘சிறு’ என்றால் தாழ்வு ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். பிள்ளைத்தமிழும் கலம்பகமும் சிற்றிலக்கியங்கள்தாம். அவற்றை யாரும் தாழ்த்திப் பேசியதில்லை.

இந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டிய உயிரைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நமக்கு ஏற்கெனவே காட்டிவிட்டது. ‘குழல்வழி நின்றது யாழே’ என்று தொடங்கும் அடிகளைப் பாருங்கள். குழலின் வழியில் யாழ் நிற்கிறது. யாழின் வழியில் தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை என்ற தோற்கருவி. யாரும் கோல் அசைக்கவில்லை. ஒவ்வொன்றும் முன்னதைக் கேட்டு அதன்வழி நிற்கிறது. மாதவி ஆடிய அந்த அரங்கின் அளவும் அங்கேயே இருக்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒரு கோலுக்கு 24 விரல். கோலை இரண்டடி என்று தாராளமாகக் கொண்டாலும் பதினாலுக்குப் பதினாறு அடி. எங்கள் பள்ளி வகுப்பறை அதைவிடப் பெரியது.

வகைகளுக்குப் பெயர் வைப்பதும் கடினமில்லை. ஸ்டிரிங் குவார்டெட் என்பதை ‘நரம்பிசை நால்வர்’ எனலாம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது இயல்பாக வரும். அவர்களில் வடிவேலு வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்பது கூடுதல் பொருத்தம். மூவர் என்றால் மூவர் இயம். இருவர் என்றால் இருவர் இயம்.

பிள்ளைகளுக்கு இந்தச் சொல் ஏன் தேவை என்று நினைக்கிறேன் என்றால், அவர்கள் தனித்தனியாகவே கற்கிறார்கள். ஓசூரில் கீபோர்டும் வயலினும் கற்கும் பிள்ளைகள் கிரேடு தேர்வுக்குத் தனியாக உட்கார்ந்து மூன்று பாட்டைத் தேய்க்கிறார்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு சிற்றியம் பிறக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? மேல்நாட்டில் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1951 முதல் நடக்கும் மார்ல்போரோ இசை விழாவில் இளையவரும் பழுத்த கலைஞரும் ஒரே குழுவில் சமமாக அமர்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். 1973இல் தொடங்கிய ஃபிஷாஃப் போட்டியில் 18 வயதுக்குட்பட்ட குழுக்களுக்கென்று தனிப்பிரிவே இருக்கிறது. அங்கே பரிசு ஒரு பிள்ளைக்கு இல்லை, குழுவுக்கு. நம் பள்ளிக் கலைப் போட்டிகளில் கருவியிசைக்கு இப்படி மூவர், நால்வர் பிரிவு வந்தால் எத்தனை பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப் போவார்கள்!

அந்தப் பெண் விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்க இப்போது கற்றுக்கொண்டிருக்கிறாள்; அதுதான் அவளுக்குக் கடினமாக இருக்கிறது. நால்வராக வந்தால் நல்லது என்று அறிவிப்பில் இருக்கிறது. ஓசூரில் செல்லோ கற்கும் பையன் ஒருவன் கிடைத்திருக்கிறான், உடன் படிக்கும் இன்னொரு வயலின் பிள்ளையும் வருகிறாள். வயோலாவுக்குத்தான் ஆளில்லை. வயோலாவின் தந்திகள் வயலினைவிட, ஸவுக்கும் பவுக்கும் உள்ள இடைவெளி அளவு கீழே சுருதி சேர்ப்பவை. பிடிமுறை ஏறக்குறைய ஒன்றுதான், வயலின் தெரிந்த பிள்ளை சில மாதங்களில் பழகிவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், எங்கள் பள்ளியில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பறை திறந்திருக்கும்.