வீலில் ஒட்டிய தார்: தேய்த்தால் கீறும், ஊறினால் போகும்

புதிதாகத் தார் போட்ட சாலையில் ஓடி வந்த காரின் அலாய் வீலைக் கிட்ட உட்கார்ந்து பாருங்கள். மிளகளவு கறுப்புப் புள்ளிகள் அங்கங்கே ஒட்டியிருக்கும். ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினால் உள்ளே மணல் நெருடும். பூச்சைக் கெடுப்பது தார் அல்ல, இந்த மணல்தான். அழுத்தித் தேய்க்கும்போது ஒவ்வொரு மணியும் உப்புத்தாள் போல, வீலின் நிறத்துக்கு மேல் உள்ள ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சைக் கீறும். அந்தப் பூச்சோ பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டாது.

தார் என்று நாம் சொல்வது இன்று பெரும்பாலும் பிட்டுமென். கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் கனமான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. தண்ணீர் அதை அண்டாது, ஷாம்புவும் அசைக்காது. பட்டதும் ஊதா நிறமாகும் இரும்பு நீக்கியும் வீண். அது பிரேக் தூளில் உள்ள இரும்போடுதான் வினைபுரியும். தாரை இளக்க அதன் உறவுக்காரர்களே வேண்டும்: மண்ணெண்ணெய், மினரல் டர்பென்டைன் அல்லது கடையில் விற்கும் தார் ரிமூவர்.

இவை ஏன் கிளியர் கோட்டைக் கரைப்பதில்லை? தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பூச்சில் மூலக்கூறுகள் வலைபோல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். தாரில் அந்தப் பிணைப்பு இல்லை, அதனால் பிரிந்து வருகிறது. தின்னரும் அசிட்டோனும் அந்த வலைக்குள்ளேயே புகுந்து பூச்சை உப்பவைக்கும். அவற்றைத் தொடவே வேண்டாம். ஸ்பிரே டப்பாவால் திருத்திய வீலில் வலை அவ்வளவு இறுகியிருக்காது. அங்கே மண்ணெண்ணெய்கூட நிறத்தை எடுக்கலாம். ஆகவே வீலின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் தடவி, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வீலின் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

வீல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூட்டில் கரைப்பான் வேலை செய்யுமுன்பே ஆவியாகிவிடும். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கி, நன்றாக ஈரம் துடைக்கவும். ஈரம் இருந்தால் கரைப்பான் தாரைச் சேராது. பிறகு நைட்ரைல் கையுறை அணிந்து, மைக்ரோஃபைபர் துணியைக் கரைப்பானில் நனைத்துப் புள்ளியின்மேல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். ஓரத்தில் பழுப்பு நிறம் கசியத் தொடங்கினால் தார் இளகிவிட்டது என்று பொருள். அப்போது அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, உடனே துணியின் சுத்தமான மடிப்புக்கு மாறுங்கள். மாறாவிட்டால் எடுத்த மணலையே திரும்பப் பூச்சில் தேய்ப்பீர்கள். தடித்த கட்டிக்கு இரண்டு மூன்று முறை ஆகும். கத்தி, கம்பிப் பிரஷ் எல்லாம் வேண்டாம். முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவி, எண்ணெய்ப் படலம் போனபின் மெழுகு பூசினால் அடுத்த தார் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டாது.

கரைப்பானைத் துணியில்தான் ஊற்ற வேண்டும், வீலில் பீய்ச்சக் கூடாது. பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிடிப்பு குறையும், டயர் ரப்பரில் ஊறினால் அது உப்பும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும். பலரும் கவனிக்காத இன்னொன்று: வீல் ஆடாமல் சுழல அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் சிறு பேலன்சிங் எடைகளின் பசையையும் இதே கரைப்பான் இளக்கும். வேலை முடிந்து வண்டியை ஓட்டும்போது குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால், எடை ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் வீலை மறுபடி பேலன்சிங் செய்ய வேண்டும்.