மலையேறிய இரவில் வரும் லோ சுகர்

அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கோடைக்குக் கிளம்பும் பெற்றோரில் சர்க்கரை நோயாளிகள் கணிசம். விமானத்தில் இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பார்கள். மலையேறப் போகும் நாளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

நம்மூர்க் கிறிஸ்தவர்கள் விரும்பிப் போகும் மலை, மேயோ மாவட்டத்தின் குரோ பேட்ரிக். 764 மீட்டர் உயரம். மரிஸ்க் ஊரிலிருந்து போக வர சுமார் 7 கிலோமீட்டர். உச்சிப்பகுதி செங்குத்தான சரளைக்கல். மருத்துவாழ்மலை ஏறிப் பழகியவர்களும் நான்கைந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். புனித பேட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்த இடம் என்பதால் வெறும் வயிற்றிலும் வெறுங்காலிலும் ஏறுவோர் உண்டு. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினியாக ஏறவே கூடாது. பாதம் மரத்துப்போனவர்கள் செருப்பைக்கூட நம்ப வேண்டாம், ஷூதான். நேர்ச்சையை வேறு வழியில் நிறைவேற்றலாம்.

மலையில் கை நடுங்கினால் கூட வருபவர்கள் கவனித்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது இரவுக்கு. நடையில் தீர்ந்த சர்க்கரை இருப்பை நிரப்ப, தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கி எட்டு, பத்து மணி நேரம் கழித்தும் சுகர் சரியலாம்.

அந்த நேரத்தில்தான் மலைக்குப் பக்கத்து ஊரான வெஸ்ட்போர்ட்டில் நாட்டுப்புற இசை கேட்கப் பப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பல பப்களில் சமையலறை ஒன்பது மணிவாக்கில் அடைத்துவிடும். இசை தொடங்குவதே ஒன்பது, ஒன்பதரைக்கு. இரவு ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் சிக்கல். வியர்த்தால் கூட்டத்தின் புழுக்கம் என்பார்கள், கண் சொருகினால் மலையேறிய அலுப்பு என்பார்கள், நாக்கு குழறினால் குடி என்பார்கள். மது குடித்திருந்தால் இன்னும் மோசம். ஈரல் சர்க்கரையை உண்டாக்கி அனுப்புவதை அது தடுத்துவிடும். ஆகவே ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மேடையெல்லாம் கிடையாது. பிடில், டின் விசில் என்ற சிறு குழல், பௌரான் என்ற தோல்கருவி, துருத்தியால் ஊதும் இலன் பைப்ஸ் எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி. 2017-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது இந்த இலன் பைப்ஸ் வாசிப்பு, அவசியம் கேளுங்கள். இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து ஒரே மூச்சாக வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துவார்கள். சுகர் பார்க்க அந்த இடைவெளி போதும். பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் தனியே பாடும்போது எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். அப்போது எழக் கூச்சமாக இருக்கும். தலை சுற்றினால் கூச்சம் பார்க்காதீர்கள்.

அங்குள்ள சுகர் மீட்டர் மில்லிமோல் கணக்கில் காட்டும். 18-ஆல் பெருக்கினால் நம்மூர் அளவு. 4-க்குக் கீழே என்றால் (நமக்கு ஏறத்தாழ 70) 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட்டோ முந்திரிக்கொத்தோ வேண்டாம், கொழுப்பு கலந்தது மெதுவாகத்தான் ஏறும். சரியானபின் ரொட்டி சாப்பிடலாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 112-ஐ அழையுங்கள்.

நடக்கும் நாளில் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுங்கள். உழைக்கும் தசைக்கு மேலே மருந்து வேகமாக ஏறும். குளிரில் பல மீட்டர்கள் வேலை செய்யாது, இன்சுலினும் உறையக் கூடாது, இரண்டும் ஜாக்கெட்டின் உட்பையில் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. மற்றவர்கள் அன்றைய டோஸை எவ்வளவு குறைப்பது என்று இங்கேயே தங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, அந்தச் சீட்டை மகளிடமும் காட்டிவிடுங்கள். படுக்கும்போது நம்மூர் அளவில் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுப் படுத்து, அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை பார்க்க உங்களை எழுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள்.