மைசீலியம்: தொட்டி மண்ணில் பூத்திருப்பது என்ன?

மாடியில் தக்காளித் தொட்டியின் மேல்மண்ணைக் கிளறினால், தென்னை நார்க்கழிவோடு ஒட்டிக்கொண்டு பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளை இழைகள் வரும். பார்த்ததும் பலர் செய்வது, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து எதையாவது கரைத்து ஊற்றுவதுதான். விவரம் தெரிந்தவருக்குப் படம் அனுப்பினால், 'அது மைசீலியம், பயப்படாதீங்க' என்று பதில் வரும். பயம் தீர்ந்துவிடும். சொல்தான் விளங்காது.

மைசீலியம் லத்தீன் வடிவத்தில் செய்த சொல். அடியில் இருப்பது காளானைக் குறிக்கும் 'மைக்கீஸ்' என்ற கிரேக்கச் சொல். காசநோய்க்குப் போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியின் பெயரிலும் இதே மைக்கீஸ்தான் ஒளிந்திருக்கிறது. அந்த மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் உண்மையில் ஒரு பாக்டீரியா. இழை இழையாக வளர்வதைப் பார்த்துக் காளான் இனத்துப் பெயரை வைத்துவிட்டார்கள். மழை பெய்ததும் வரும் மண்வாசனைக்கும் பெரும்பாலும் இந்த இனம்தான் காரணம். பெயர் தப்பு, வாசனை உண்மை.

மைசீலியம் என்பது ஒற்றை இழையின் பெயர் அல்ல, காளான் இனத்து உயிரின் இழைகள் கிளைத்துப் பின்னிய மொத்த உடலின் பெயர். ஒற்றை இழைக்கு ஹைஃபா என்று பெயர். அதுவும் கிரேக்கம்தான், நெய்த வலை என்று பொருள். இங்கே தமிழுக்கு வேலை சுலபம். நெசவாளர் வாயில் புழங்கும் 'இழை' நெசவிலிருந்து வந்த அந்தக் கிரேக்கச் சொல்லோடு நன்றாக ஒட்டிப்போகிறது. இலங்கைப் பாடநூல் தமிழில் ஹைஃபாவைப் பூசணவிழை என்றும், மைசீலியத்தைப் பூசணவலை என்றும் எழுதினார்கள். இதைவிடத் தெளிவான இணை கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே பாடநூல் தமிழ் முழு இனத்துக்கும் 'பங்கசு' என்று பெயர் வைத்துக்கொண்டது. உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர், ஆளுக்கு லத்தீன் பெயர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இந்த இனம் பூஞ்சை. எனக்கு இந்தச் சொல்லில் ஒரு மனக்குறை உண்டு. 'பூஞ்சை உடம்பு', 'பூஞ்சையான பையன்' என்று பேச்சில் சொல்லும்போது வலுவில்லாத, நோஞ்சான் என்றுதான் பொருள். தென்னை மரத்தையே அடியோடு அழுகவைக்கும் ஓர் உயிருக்கு நோஞ்சான் என்று பெயரா? ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்க்கும் பாட்டி 'பூசணம் பூத்துப்போச்சு' என்பார். வேளாண் துறைக் கையேடுகளும் பூசணம், பூஞ்சாணம், பூசணக்கொல்லி என்றே எழுதுகின்றன. வீட்டிலும் வயலிலும் ஏற்கெனவே வாழும் சொல் பூசணம். என் வாக்கு அதற்கே.

பாட்டியின் வாக்கியத்தில் வரும் வினையையும் கவனியுங்கள்: 'பூத்துப்போச்சு'. இது நேற்று வந்த வழக்கு அல்ல. வறுமையில் வாடும் பாணனின் அடுக்களையைக் காட்டும் சிறுபாணாற்றுப்படை, சுவரைக் கறையான் கூட்டம் அரித்துக் கொட்டிய புழுதியில் 'பூழி பூத்த புழற் காளாம்பி' என்கிறது. புழல் என்றால் உள்ளே துளையுள்ளது. காளானின் தண்டைத் தொட்டுப் பார்த்தவர் எழுதிய அடி. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்று குமணனிடம் சொல்கிறார் பெருந்தலைச் சாத்தனார். இரண்டிலும் காளானுக்குப் பெயர் ஆம்பி. இரண்டிலும் அது முளைக்கவில்லை, பூக்கிறது. காளாம்பி என்பதுதான் தேய்ந்து நம் காளான் ஆனது என்று எனக்குத் தோன்றுகிறது.

தாவரவியல் கண்ணோடு பார்த்தாலும் 'பூப்பது' நல்ல வினை. மண்ணுக்குள் பரவிக் கிடக்கும் பூசணவலைதான் உடல். வெளியே தெரியும் குடை, வித்துகளைப் பரப்ப அது சில நாள் நீட்டும் உறுப்பு. செடிக்குப் பூவைப் போல. 'நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்' என்று புதுப் பணக்காரனைக் கேலி செய்கிறோமே, அதில் காளானுக்கு அநியாயம் நடக்கிறது. குடை இன்று வந்திருக்கலாம், வலை எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறதோ!

ஆனால் தமிழில் 'பூத்திருக்கு' என்பது வேறு பலவற்றுக்கும் பொது. நீறு பூக்கும், சுவரில் உப்புப் பூக்கும், கண்ணும் பூத்துப்போகும். தொட்டி மண்ணைப் பார்க்கும்போது குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. போர்த்தண்ணீர் ஊற்றும் தொட்டியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கு உப்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். பூசணவலை உதிராது, மண்கட்டியைப் பிட்டால் நூலாக இழுபடும். வேரோடு ஒட்டிய வெள்ளைப் பஞ்சுக்குள் சின்னப் பூச்சி நகர்ந்தால் அது மாவுப்பூச்சி.

நார்க்கழிவிலும் மட்கிலும் படரும் வெள்ளை வலை பெரும்பாலும் மக்கிய பொருளைத் தின்று வாழ்வது. செடியைத் தொடாது. சில வாரத்தில் தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் மெல்லிய குடைகள் எழுந்தால், அநேகமாக அது லியூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி. செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தின்னக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிடுங்கிப் போடுங்கள். மரத்தூள் போட்ட பாத்தியில் ஒரே இரவில் முட்டைப் பொரியல் கொட்டியதுபோல மஞ்சள் நுரை தெரிந்தால் அது பூசணமே இல்லை. சளிப் பூஞ்சை என்கிறார்கள். பாக்டீரியாவைத் தின்றுகொண்டு மெல்ல ஊரும், அமீபாவுக்கு உறவான உயிர். நம் மொழிபெயர்ப்பும் பழைய தவறைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை வலை விசிறிபோல ஏறி, அதன்மேல் கடுகு போலச் சின்ன உருண்டைகள் முதலில் வெள்ளையாக, பிறகு பழுப்பாக உட்கார்ந்திருந்தால், அது ஸ்கிளரோஷியம் ரால்ஃப்சி. நிலக்கடலை விவசாயிக்குத் தண்டழுகலாகத் தெரிந்த எதிரி. தக்காளி, மிளகாயையும் விடாது. அந்தக் கடுகுகள் இழைகள் இறுகிச் சுருண்ட முடிச்சுகள். சாப்பாடு இல்லாமலே மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அள்ளி அப்புறப்படுத்துங்கள்; மட்குக் குழியில் போடாதீர்கள்.

இன்னொரு மயக்கம், வேம் (VAM) என்ற உயிர் உரம், அதாவது வேரோடு கூடி வாழும் பூசணம், போட்டவர்களுக்கு வருவது. வேர் உட்பூசணம் என்று நல்ல தமிழ்ப் பெயரோடு விற்கிறார்கள். வேரும் பூசணமும் கூடி வாழும் உறவுக்கு 1885இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். மைக்கீஸோடு ரைசா, அதாவது வேர். தொட்டியில் வெள்ளை நூலைக் கண்டதும் 'போட்ட வேம் பிடிச்சிருச்சு' என்று மகிழ்பவர்கள் உண்டு. பெயரிலேயே விடை இருக்கிறது: அது வேருக்கு உள்ளே குடியிருப்பது. வெளியே நீட்டும் இழை வெறுங்கண்ணுக்கு அகப்படாத அளவு மெல்லியது. நீங்கள் பார்த்தது நார்க்கழிவைத் தின்னும் வேறொரு பூசணவலை.