பெயின்ற் அடித்த ஆணி முதலில் உதிர்வது ஏன்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் இளம் சிற்பி எழுதியிருக்கிறார். பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவற்றைக் கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாரை மீன் செய்து, கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி வளவில் நிறுத்தியிருக்கிறார். எலும்புக்கூடு இரும்புக் கம்பி. கண்கள் போத்தல் அடிகள். செட்டை கிழிந்த வலை. உடம்பு முழுக்கச் செதில் செதிலாக வெட்டிய செப்புத் தகடு. ஒவ்வொரு செதிலையும் கம்பியோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன இரும்பு ரிவெட், அதாவது தலை தட்டிப் பூட்டும் ஆணி.

"ரிவெட் எல்லாத்துக்கும் ரெண்டு தரம் பெயின்ற் அடிச்சுத்தான் பூட்டினனான் அண்ணா. ஒரு மாரி முடியிறதுக்குள்ள செதில் கழண்டு விழத் தொடங்கீட்டுது. செம்புக்கு ஒண்டும் நடக்கேல்ல, ரிவெட் மட்டும் மாவாப் போச்சு. பக்கத்து வளவில ஒரு பழைய நங்கூரம் கிடக்குது. அதுக்குப் பெயின்ற் கிடையாது. நான் சின்னப் பிள்ளையா இருந்த காலத்திலயிருந்து அப்பிடியே கிடக்குது. ஏன்?"

பெயின்ற் அடித்திருந்தும் ஏன் உதிர்ந்தது என்பது அவர் கேள்வி. அந்தப் பெயின்றும் உதிர்வுக்கு ஒரு காரணம் என்பதே என் பதில். இதைச் சொன்னால் பெரும்பாலானோர் நம்புவதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துருப்பிடித்தல் பற்றிச் சாதாரண தரத்தில் படித்ததுதான். இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாக நீருக்குள் இறங்குகிறது. அந்த இடம் அனோட்டு. விடப்பட்ட இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி இன்னோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. அது கதோட்டு. உப்புநீர் இரண்டுக்கும் இடையே சுற்றை மூடுகிறது. இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு விடயம் உண்டு: கொடுப்பதும் வாங்குவதும் எப்போதும் ஒரே அளவாகத்தான் நடக்க முடியும். இரும்பு எவ்வளவு வேகமாக இலத்திரனைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும், அதை வாங்க ஒட்சிசன் வந்து சேரவேண்டும். ஒட்சிசனோ நீரில் மிகக் குறைவாகக் கரைவது, மெதுவாக ஊர்ந்து வருவது. ஆகவே அரிப்பின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது, ஒட்சிசன் வந்து இறங்கக் கிடைக்கும் பரப்புத்தான்.

நங்கூரத்தில் அனோட்டும் கதோட்டும் அதே இரும்பின் மேல்தான் இருக்கின்றன. இன்றைக்கு இங்கே கரையும், நாளைக்கு அங்கே கரையும். சேதம் உடம்பு முழுவதும் பங்கிடப்படுகிறது. கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் சாதாரண உருக்குக்கூடச் சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் அளவில்தான் மெலிகிறது. பல சென்ரிமீற்றர் தடிப்புள்ள நங்கூரம் தலைமுறைக் கணக்கில் நிற்பதில் வியப்பில்லை.

இப்போது இரும்போடு செம்பைத் தொடவிடுங்கள். தாக்கவீதத் தொடரில் இரும்பு மேலே, செம்பு கீழே; அதாவது இலத்திரனை எளிதில் விடுவது இரும்பு. கடல்நீரில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் வோல்ற்று வித்தியாசம் வரும். கை மின்விளக்குக் கலமொன்றின் ஆறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அழுத்தம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் அது செய்வது ஒரே ஒரு வேலை: செம்பின் முழுப் பரப்பையும் இரும்புக்குக் கதோட்டாக்கிவிடுகிறது. செம்பு கரைவதில்லை. அதன் மேல் எங்கெல்லாம் ஒட்சிசன் வந்து படுகிறதோ அங்கெல்லாம் இலத்திரன் கேட்கப்படுகிறது. அத்தனையையும் கொடுக்க வேண்டியது இரும்பு.

கணக்கைப் பாருங்கள். உள்ளங்கை அளவுச் செதில் ஒன்று, 10 சென்ரிமீற்றர் சதுரம் என்று வைப்போம். ஒரு பக்கத்தின் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றர். ரிவெட்டின் தலை 5 மில்லிமீற்றர் அகலம், பரப்பு 0.2 சதுர சென்ரிமீற்றர். விகிதம் 500 மடங்கு. ஒருவர் உழைக்க ஐந்நூறு பேர் உண்ணும் வீடு அது. முழுதாக நீரில் மூழ்கிய நிலையில், தனியாக இருந்தால் ஆண்டுக்கு 0.1 மில்லிமீற்றர் இழக்கும் இரும்பு, இந்த நிலையில் சில வாரங்கள்கூடத் தாங்காது. இதைத் திருப்பிப் போடுங்கள்: பெரிய இரும்புத் தகட்டில் சின்னச் செப்பு ஆணி. அதே இரு உலோகங்கள், அதே கால் வோல்ற்று. ஆனால் செம்பின் சின்னப் பரப்பில் இறங்கும் கொஞ்ச ஒட்சிசனுக்கு அத்தனை பெரிய இரும்புத் தகடும் சேர்ந்து இலத்திரன் கொடுக்கிறது. சேதம் கண்ணுக்கே தெரியாது. எந்த உலோகத்தோடு எந்த உலோகம் என்பதைவிட, எது எவ்வளவு பெரியது என்பதுதான் பெரும்பாலும் விதியைத் தீர்மானிக்கிறது. அரிப்பு வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இது. ஒரு பிரித்தல் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கொண்டு எந்தச் சிலையில் எந்த மூட்டு முதலில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அதே கணக்குத்தான் பெயின்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ரிவெட்டுக்குப் பூசிய பெயின்ற் எங்கும் முழுமையாக நிற்காது. சுத்தியல் பட்ட விளிம்பில் ஒரு கீறல், ஓரிடத்தில் ஊசிமுனைத் துளை. வெளியே தெரியும் இரும்பு இப்போது ஒரு சதுர மில்லிமீற்றர் என்று கொள்வோம். செம்பு குறையவில்லை, அது அதே 100 சதுர சென்ரிமீற்றர்தான். விகிதம் 500 இலிருந்து 10,000 ஆகிவிட்டது. முன்பு ரிவெட் தலை முழுவதும் பரவியிருந்த அரிப்பு, இப்போது அந்த ஒரு கீறலுக்குள் குவிந்து துளைபோட்டுக்கொண்டு உள்ளே போகிறது. ஒன்றுக்குத்தான் பூசமுடியும் என்றால் செம்புக்குப் பூசவேண்டும், துருப்பிடிக்காத அந்தச் செம்புக்கு! அதில் கீறல் விழுந்தாலும் வெளியே தெரிவது சின்னக் கதோட்டு மட்டுமே. கப்பல், குழாய் வேலை செய்யும் பொறியியலாளர்கள் இதை நன்கு அறிவார்கள். சிற்பிகளுக்கும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். சிற்பம் கடலுக்குள் மூழ்கியில்லை, காற்றில் நிற்கிறது. மேலே படியும் ஈரப் படலம் மிக மெல்லியது. அதற்குள் அயன்கள் அதிக தூரம் ஓட முடியாது. ஆகவே மூட்டைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் தூரத்துச் செம்புதான் உண்மையில் வேலை செய்யும். 500 மடங்கு முழுதாகக் கிடைக்காது. ஆனால் செதில்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்குகளில் மழைநீர் தேங்கி நிற்கும். அங்கே படலம் தடிப்பு, செம்பு இரண்டு பக்கமும். ரிவெட் இருப்பதும் சரியாக அங்கேதான். மாரியில் உதிர்ந்தது அதனால்தான்.

மாரி முடிந்தாலும் ஈரம் முடிவதில்லை. கடலுப்பு வெறும் சோடியங் குளோரைட்டு அல்ல. சோடியங் குளோரைட்டு காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை உறிஞ்சிக் கரைசலாகும். அதோடு கலந்திருக்கும் மகனீசியங் குளோரைட்டுக்கு 33 சதவீதம் போதும். திருகோணமலைக் கரையில் எந்த வெயிலிலும் காற்று அவ்வளவு வறண்டுபோவது அரிது. ஆகவே கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் உலோகத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரம் எப்போதும் உண்டு, சுற்று மூடியே இருக்கும்.

இந்தப் பாடத்தை மனிதர் முதலில் கற்றது சிலையில் அல்ல, கப்பலில். கப்பற்புழுவிடமிருந்து மரத்தைக் காப்பதற்காக 1761 இல் பிரித்தானியக் கடற்படை 'அலாம்' என்ற போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டால் மூடியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763 இல் பரிசோதித்தார்கள். செம்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பசையாகிக் கிடந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. செப்புத் தகடுகளைச் சுற்றிவந்த மண்ணிறக் காகிதம் சில இடங்களில் அகற்றப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. கெடாத ஆணிகள் அந்த இடங்களில்தான் இருந்தன. வோல்ற்றா தன் மின்கல அடுக்கைச் செய்தது 1800 இல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு துண்டுக் காகிதம் இந்த அரிப்புக்கு மருந்து என்ன என்று காட்டிவிட்டது.

காகிதத்தின் இடத்தில் தவறான பொருளை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலை சாட்சி. 1886 இல் திறந்த அந்தச் சிலையின் செப்புத் தோல் 2.4 மில்லிமீற்றர் தடிப்பு. உள்ளே, ஈபெல் கோபுரத்தைக் கட்டிய ஈபெல் வடிவமைத்த இரும்புச் சட்டகம். இரண்டும் தொடக்கூடாது என்று தெரிந்தே, நடுவில் அரக்கில் தோய்த்த கல்நார்த் துணியை வைத்தார்கள். காலப்போக்கில் துணி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டது. காப்பாக வைத்தது மின்பகுபொருளின், அதாவது சுற்றை மூடும் ஈரத்தின், தொட்டியாக மாறியது. இரும்புப் பட்டைகள் துருவேறி ஊதிச் செம்பிலிருந்து ரிவெட்டுகளைப் பிடுங்கின. 1986 இல் முடிந்த திருத்தவேலையில் அந்தப் பட்டைகளுக்குப் பதிலாக 316எல் வகைக் கறையில் உருக்கை வைத்து, நடுவில் டெஃப்லோன் நாடா ஒட்டினார்கள். டெஃப்லோன் நீரை உறிஞ்சாது.

கலப்புப் பொருள்களில் இன்று வேலை செய்வோரில் நான் வியந்து பார்ப்பவர் கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலைசெய்த சிற்பி எல் அனட்சூயி. 2013 இல் இலண்டனில் றோயல் அக்கடமி என்ற கலைக்கழகக் கட்டடத்தின் முகப்பு முழுவதும் அவருடைய படைப்பொன்று திறந்த வெளியில் தொங்கியது. போத்தல் மூடிகள், அச்சகத் தகடுகள், கூரைத் தகடுகள் என்று அலுமினியப் பொருள்களைச் செப்புக் கம்பியால் தைத்தது. அலுமினியமும் செம்பும் ஒன்றையொன்று தொடவே கூடாத சோடி. ஆனால் பரப்பைப் பாருங்கள்: அலுமினியம் பெரிது, செம்பு வெறும் கம்பி. விகிதம் நல்ல பக்கம் சாய்ந்திருக்கிறது. நம் உப்புவெளி மீனோ இதற்கு நேர் எதிர்.

இதே கணக்கு நம் வீட்டு வாசலிலும் நடக்கிறது. யந்திரம் எழுதிய செப்புத் தகட்டை நிலைக்கதவின் மேல் இரும்பு ஆணியால் அடிக்கிறோம். கடற்கரை வீட்டில் சில வருடத்தில் ஆணி உதிர்ந்து தகடு கீழே விழும். வீட்டுக்கு ஆகாது, யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்று பயந்து, கடன்பட்டுப் பரிகாரம் செய்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தகட்டை வணங்குவது அவரவர் நம்பிக்கை, அதில் நான் கைவைக்க வரவில்லை. ஆனால் தகடு விழுந்ததற்குக் காரணம் பெரிய செம்பும் சின்ன இரும்பும். செப்பு ஆணி அடியுங்கள், விழாது. பயத்துக்குக் கொடுக்கும் காசு பிள்ளைகளின் படிப்புக்குப் போகட்டும்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஒரு கரையில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதை அளக்க ஐ.எஸ்.ஓ. 9223 என்ற நியமம் இருக்கிறது. உருக்கு, நாகம் (துத்தநாகம்), செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் சிறு தகடுகளை ஒரு வருடம் வெளியில் கட்டி வைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பதுதான் வேலை. திருத்தமான ஒரு தராசும் பொறுமையும் போதும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. மட்டக்களப்பில் அதே பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சிற்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டச்சுக் குடா, கிண்ணியா, நிலாவெளி என்று இடம் பிரித்து அவர்கள் சேர்ந்து தகடு கட்டினால், சிற்பிக்கும் படகு கட்டுபவருக்கும் வீடு கட்டுபவருக்கும் உதவும் ஒரு வரைபடம் கிடைக்கும். ஆய்வுக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். இப்படியான மலிவான, அவசியமான வேலைக்குக்கூட அதில் பங்கு கேட்டு வரிசையில் நிற்கவேண்டியிருப்பது எனக்குக் கோபம் தருகிறது.

சரி, மீனை என்ன செய்வது? செதில்களைக் கழற்றிவிட்டு, ரிவெட்டுகளைச் செம்பிலேயே போடுங்கள். அப்போது பெரிய பரப்பும் செம்பு, ஆணியும் செம்பு, சண்டை இல்லை. அடுத்து, செதிலுக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவே நைலோன் வாஷர் கொடுத்து, ரிவெட் போகும் துளைக்கும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். உறை போடாமல் வாஷர் மட்டும் வைத்தால் ரிவெட்டின் வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கம்பிக்கும் பூசுங்கள், செம்புக்கும் நிறமற்ற வார்னிஷ் பூசுங்கள். கம்பிக்கு மட்டும் பூசிவிட்டு நிறுத்தாதீர்கள். படகுகளின் சுழல் விசிறிக்குப் பக்கத்தில், தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பதற்காகப் பூட்டும் நாகத் துண்டை இதிலும் கட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது நீருக்குள் இருக்கும்போதுதான் காக்கும், காற்றில் அதன் கை எட்டாது. காற்றில் வேண்டுமானால் கம்பிக்கே நாகமுலாம் பூசுவிக்க வேண்டும். செதில்களின் கீழ் விளிம்பை அரை விரல் உயர்த்தி வளைத்தால் நீர் தேங்காமல் வடியும்.

மாதத்துக்கு ஒருதரம் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். முதுகை அல்ல, வயிற்றை. முதுகை மழையே கழுவிவிடும். மழை படாத கீழ்ப்பக்கத்தில்தான் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு, கழுவ ஆளில்லாமல் வருடம் முழுக்கச் சேர்ந்துகொண்டிருக்கும்.